தலைவரைத் திட்டுவதும் அவர் செய்ததைக் கேட்பதும்: அரசியல் விமர்சனத்துக்கு ஓர் அரிச்சுவடி

1967 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒலித்த முழக்கம் ஒன்று இன்றும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்: "பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?" அப்போது முதலமைச்சர் எம். பக்தவத்சலம். நாட்டில் கடும் அரிசித் தட்டுப்பாடு. முழக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது, சீண்டலும் இருக்கிறது. அப்படியானால் இது தனிநபர் தாக்குதலா?

இல்லை. கேள்வி அரிசி விலையைப் பற்றியது. அந்த விலைக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் அவர் இருந்ததால் அவர் பெயர் வந்தது. அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தால் அவர் பெயரைப் போட்டு இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். பக்தவத்சலத்தின் குடும்பம், உடம்பு, பிறப்பு எதையும் அது தொடவில்லை. அவர் நினைத்திருந்தால் கொள்முதல் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, எப்போது விலை குறையும் என்று பதில் சொல்லியிருக்க முடியும். பதில் சொல்ல வழி விட்ட கேள்வி அது.

தேர்தல் நெருங்கிவிட்டால் மதுரையில் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கல்யாண வீட்டுப் பந்தி என்று எங்கே அரசியல் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் இரண்டு வாக்கியங்களில் ஒன்று வந்து விழும். "கொள்கையைப் பேசு, ஆளைப் பேசாதே" என்பது ஒன்று. "உனக்கு அவரைப் பிடிக்காது, அதான் இப்படிப் பேசுற" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பொருத்தமான இடம் உண்டு. ஆனால் நான் கேட்டவரையில் பெரும்பாலும் வாதத்தை முடித்துவைக்கத்தான் இவை பயன்படுகின்றன. எது ஆளைப் பற்றியது, எது அவர் செய்ததைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதல் ஓட்டுப் போடப் போகும் பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை.

முதலில், நம்மை ஏமாற்றுகிற இரண்டு அடையாளங்களை ஒதுக்கிவிடலாம். ஒன்று, பெயர். தலைவரின் பெயரைச் சொன்னாலே தனிநபர் தாக்குதல் ஆகிவிடாது என்பதை மேலே பார்த்தோம். இன்னொன்று, கடுமை. "ஏழைகள் வயிற்றில் அடிக்கிற திட்டம் இது" என்பது சுடுசொல்தான், ஆனாலும் திட்டத்தைப் பற்றியது. "பாவம், நல்ல மனுஷன்தான், ஆனா அவர் வந்த குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய பதவி தாங்குமா" என்பது தணிந்த குரலில் வருகிறது, அனுதாபம் போலவும் இருக்கிறது. ஆனால் முழுக்க முழுக்க ஆளின் பிறப்பைப் பற்றியது. குரல் எவ்வளவு உயர்ந்தது என்பதை வைத்து வகை பிரித்தால் ஒவ்வொரு முறையும் தப்பாகத்தான் முடியும்.

இரண்டு வகை போதாது

'தனிநபர்', 'கொள்கை' என்று இரண்டு பெட்டி மட்டும் வைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலத்துக்குப் பேருந்து ஓட்டும் ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். பழங்காநத்தத்தில் நிறுத்தாமல் போகிறார் என்றால் அது அவர் எடுத்த முடிவைப் பற்றிய குறை. செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டுகிறார் என்றால் அது அவருடைய நடத்தையைப் பற்றியது. ஆளைப் பற்றிய பேச்சுதான், ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் அதைக் கேட்க உரிமை உண்டு. அவர் என்ன சாதி, வீட்டில் மனைவியோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்பதெல்லாம் பயணிக்குச் சம்பந்தமில்லாதது.

ஆக, மூன்று வகை. முடிவு அல்லது கொள்கை, பதவியில் இருக்கும்போது நடந்துகொள்ளும் விதம், சொந்த வாழ்க்கை. முதலாவதை விமர்சிக்கலாம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்றாவதைத் தொடக் கூடாது என்பதையும் வாயளவிலாவது எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். சண்டை நடப்பது நடுவில் உள்ள வகையில்தான். டெண்டரை உறவினருக்குக் கொடுத்தார், சபைக்கே வருவதில்லை, சொன்ன வாக்கை மாற்றினார், அதிகாரிகளை மிரட்டுகிறார் என்ற குற்றச்சாட்டுகள் எல்லாம் ஒரு மனிதரின் குணத்தைப் பற்றியவை. தொண்டர்கள் உடனே "தனிப்பட்ட தாக்குதல்" என்பார்கள். ஆனால் இவை அனைத்தும் நாம் கொடுத்த பதவியை அவர் எப்படிக் கையாண்டார் என்பதைப் பற்றியவை. இவற்றைக் கேட்கக் கூடாது என்றால் பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

சட்டம் கோடு போட்ட இடம்

இந்த நடு வகையைச் சட்டம் வெகுகாலத்துக்கு முன்பே கவனித்துவிட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா வந்த பிறகு அது 356ஆம் பிரிவு. எது அவதூறு என்று சொல்வதோடு எது அவதூறு ஆகாது என்று விதிவிலக்குகளையும் அது அடுக்குகிறது. அவற்றில் ஒன்றின் சாரம் இது: பொது ஊழியர் ஒருவர் தம் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும், அந்த நடத்தையில் அவருடைய குணம் எந்த அளவுக்கு வெளிப்படுகிறதோ அந்த அளவுக்கு அவருடைய குணத்தைப் பற்றியும் நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. அதற்கு மேல் போகக் கூடாது.

அந்த அளவுகோலை நான் மிகவும் மதிக்கிறேன். குணத்தைப் பேசாதே என்று சட்டம் சொல்லவில்லை. செய்த வேலையில் தெரிகிற குணத்தைப் பேசு, வேலைக்கு வெளியே தேடிப் போகாதே என்கிறது. டீக்கடை வாதத்துக்கும் இதைவிட நல்ல கோடு எனக்குத் தெரியவில்லை.

தேர்தல் ஆணையத்தின் மாதிரி நடத்தை விதிகளிலும் இதே எண்ணம் உண்டு. 1960இல் கேரளத் தேர்தலில் கட்சிகளுக்குள் ஏற்பட்ட உடன்பாட்டிலிருந்து வளர்ந்தவை அந்த விதிகள். மற்றக் கட்சிகளை விமர்சிக்கும்போது அவற்றின் கொள்கை, திட்டம், கடந்த காலச் செயல்பாடு, பணி இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; பொது வேலையோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக் கூடாது; சரிபார்க்காத குற்றச்சாட்டுகளைப் பரப்பக் கூடாது. 'பொது வேலையோடு தொடர்பில்லாத' என்ற இடத்தைக் கவனியுங்கள். தொடர்பு இருந்தால் கேட்கலாம்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட குணத்தையோ நடத்தையையோ பற்றிப் பொய் என்று தெரிந்தே எதிர் வேட்பாளர் பரப்பினால், அது 123(4) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. அதை நிரூபித்தால் தேர்தல் வெற்றியே செல்லாமல் போகலாம். ஆனால் ஒருவருடைய அரசியல் வாழ்க்கையைப் பற்றிய விமர்சனம் இந்தப் பிரிவுக்குள் வராது என்று 1962இலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. பொய் சொல்லலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. பொது வாழ்க்கையைப் பற்றிய பேச்சுக்குக் கூடுதல் இடம் விட வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

அப்புறம் 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. நக்கீரன் வார இதழ், மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முயன்றபோது சிறைத்துறை தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரசுரமாவதற்கு முன்பே அரசோ அதிகாரிகளோ தடை போட முடியாது என்றது நீதிமன்றம். பொது அதிகாரிகள் தங்கள் பணி சார்ந்த செயல்களைப் பற்றிய விமர்சனத்துக்காக நஷ்ட ஈடு கேட்க முடியாது. உண்மையைப் பற்றித் துளியும் அக்கறையில்லாமல் பொய் எழுதியிருந்தால்தான் கேட்கலாம் என்றும் சொன்னது. அதே தீர்ப்புதான் ஒவ்வொருவருக்கும் தன் சொந்த வாழ்க்கையைத் தனியாக வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதையும் உறுதி செய்தது. ஒரே தீர்ப்பில் இரண்டு பக்கமும் இருக்கிறது.

வைகை அணையில் தெர்மாகோல்

நம் ஊருக்கு மிகவும் தெரிந்த ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 2017 ஏப்ரல். முந்தைய ஆண்டுப் பருவமழை பொய்த்து, வைகை அணையில் தண்ணீர் அடியில் கிடந்தது. மதுரைக்குக் குடிநீர் தரும் அணை அது. அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு, மதுரை மேற்குத் தொகுதி உறுப்பினர், தண்ணீர் ஆவியாவதைக் குறைக்க என்று சொல்லித் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி அணையில் மிதக்கவிட்டார். காற்றடித்தது. அட்டைகள் கொஞ்ச நேரத்தில் கரைக்கு வந்துவிட்டன.

அதற்குப் பிறகு நடந்தது நாடே அறிந்தது. அவர் பெயரோடு தெர்மாகோல் ஒட்டிக்கொண்டது. ஆண்டுகள் போன பின்னும் அவர் எதைப் பேசினாலும் பதிலாகத் தெர்மாகோல் படம் வரும். சிரித்தவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு.

இதில் எது நியாயமான விமர்சனம்? திட்டம் தோற்றது என்று சொல்வது நியாயம். பொதுப்பணத்தில், பொது அணையில், அமைச்சர் முன்னின்று செய்த காரியம் அது. தோற்றதைக் கேலி செய்வதும் நியாயம்தான் என்பது என் கருத்து. அதிகாரத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் கேலி அங்கே நிற்கவில்லை. அவருடைய தோற்றம், பேச்சுத் தமிழ், படிப்பு என்று பரவியது. 'இந்த ஆளுக்கு எதுக்கு மந்திரி வேலை' என்பதில் போய் நின்றது.

அதனால் யாருக்கு நஷ்டம்? அவர் மனம் புண்பட்டதை விட்டுவிடுவோம். நஷ்டம் மதுரைக்காரர்களுக்கு. ஏனென்றால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் கேலியில் மூழ்கிவிட்டன. நீர்த்தேக்கத்தில் ஆவியாகும் நீரைக் குறைப்பது பைத்தியக்கார யோசனை கிடையாது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2015இல் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடிக் கருப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டியது. தண்ணீரின் தரத்தைக் காப்பதே அங்கே முதல் நோக்கம், ஆவியாவதும் குறைந்தது. காற்றில் பறக்காத எடையும் வடிவமும் அந்தப் பந்துகளுக்கு உண்டு. சூரிய மின் தகடுகளை நீரில் மிதக்கவிடும் முறையும் இருக்கிறது.

ஆகவே கேட்டிருக்க வேண்டியவை இவை. இந்த யோசனையை எந்தப் பொறியாளர் பரிசீலித்தார்? ஒரு சின்ன ஊருணியில் முதலில் முயன்று பார்த்தார்களா? சித்திரை மாதத்துக் காற்றைக் கணக்கில் எடுத்தார்களா? சதுர கிலோமீட்டர் கணக்கில் விரிந்த நீர்ப்பரப்புக்கு எத்தனை அட்டை வேண்டும்? நீர்வளத்தைக் கவனிக்காத துறையின் அமைச்சர் ஏன் இதை முன்னின்று நடத்தினார்? கடைசிக் கேள்வி ஆளைப் பற்றியது போலத் தோன்றும். ஆனால் அது நிர்வாகத்தைப் பற்றியது. யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற கேள்வி. இவற்றில் ஒன்றைக் கூட அவர் மூக்கையும் முடியையும் கேலி செய்வதால் கேட்டுவிட முடியாது. அணையில் தண்ணீர் வற்றுவது அடுத்த வறட்சியிலும் நடக்கும். அப்போது புதிய யோசனை சொல்ல நினைக்கும் அதிகாரி, தெர்மாகோல் படங்களை நினைத்து வாயை மூடிக்கொள்வார் என்பது என் கவலை.

ஆளை மாற்றிப் பார்ப்பது

ஒரு விமர்சனம் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் செய்து பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. அதே செயலை உங்களுக்குப் பிடித்த தலைவர் செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறதா? நின்றால் அது செயலைப் பற்றியது. விழுந்துவிட்டால், அந்தக் குற்றச்சாட்டின் கனமெல்லாம் ஆள் மீதுள்ள வெறுப்பில்தான் இருந்தது.

1953ஆம் ஆண்டுக்குப் போவோம். முதலமைச்சர் ராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் அழைத்தார்கள். பெரியார் மாநிலம் முழுக்க எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

ராஜாஜி பிராமணர் என்பதால்தான் இந்த எதிர்ப்பு என்று சொன்னவர்கள் உண்டு. எதிர்த்தவர்களில் சிலர் அவருடைய சாதியையே ஆயுதமாக்கிப் பேசியதும் உண்மை. சரி, ஆளை மாற்றிப் பாருங்கள். அதே திட்டத்தைக் காமராஜரே கொண்டுவந்திருந்தாலும் செருப்புத் தைப்பவரின் மகன் பாதி நாள் செருப்புத் தைக்கத்தான் போயிருப்பான். வக்கீலின் மகன் வக்கீல் வீட்டில் இருந்திருப்பான். பிறப்பு பிழைப்பைத் தீர்மானிப்பதை அரசே ஏற்பாடு செய்கிறது என்ற குற்றச்சாட்டு அசையாமல் நிற்கிறது. அதனால் அது கொள்கை விமர்சனம், அதுவும் மிக வலுவான ஒன்று. அதோடு சேர்த்து வீசப்பட்ட சாதி வசவுகள் வேறு வகை. ஒரே மேடையில், ஒரே பேச்சில் இரண்டும் கலந்து வரும். கேட்கிறவர்கள்தான் பிரித்தெடுக்க வேண்டும். வசவு இருக்கிறது என்பதற்காகக் குற்றச்சாட்டையும் சேர்த்துத் தூக்கிப் போடக் கூடாது.

இத்தனை எதிர்ப்புக்கும் நடுவில் பெரியாரும் ராஜாஜியும் கடைசிவரை நண்பர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியார் அழுதார். ஒருவரின் திட்டத்தை முழு மூச்சாக எதிர்த்துக்கொண்டே அவரை நண்பராக வைத்திருக்க முடியும் என்பதற்கு நம் அரசியலில் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

வாதம் தடம் மாறும் இடம்

மீனாட்சி அம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றி வரும்போது நம் எல்லோருக்கும் நக்கீரர் கதை நினைவுக்கு வரும். தருமிக்கு இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டில் பொருள் குற்றம் இருக்கிறது என்கிறார் நக்கீரர். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பதுதான் வழக்கு. அதுவரைக்கும் பேச்சு பாட்டைப் பற்றியது. பிறகு என்ன ஆகிறது? மக்களிடையே வழங்கும் தனிப்பாடல்களில் இறைவன் நக்கீரரின் சங்கறுக்கும் தொழிலை இழுக்கிறார்: சங்கு அறுப்பவனா என் பாட்டை ஆராய்வது? நக்கீரரும் விடவில்லை. நாங்கள் சங்கறுத்துப் பிழைப்போம், உன்னைப் போலப் பிச்சை எடுத்துச் சாப்பிடுவதில்லை என்கிறார்.

பதில் கூர்மையானதுதான், கேட்டால் கைதட்டத் தோன்றும். ஆனால் கவனியுங்கள், அந்த இரண்டு பாட்டிலும் கூந்தல் காணாமல் போய்விட்டது. பதில் சொல்ல முடியாத பக்கம் ஆளை இழுக்கிறது. இழுக்கப்பட்டவருக்கு ரோஷம் வந்து அவரும் ஆளுக்குப் பாய்கிறார். எடுத்த பொருள் குளத்தில் மூழ்குகிறது. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் தினமும் நடப்பது இதுவே. "நீங்க மட்டும் யோக்கியமா? உங்க ஆட்சியில என்ன நடந்துச்சு?" என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால், கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதே மறந்துபோகும். எதிராளி யோக்கியர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வியாக இருக்கலாமே.

மதுரை பட்டிமன்றங்களுக்குப் பேர்போன ஊர். பட்டிமன்றத்தில் எதிரணிப் பேச்சாளரைக் கிண்டல் செய்வது ஒரு ருசி. மேடையை விட்டு இறங்கியதும் இரண்டு பேரும் சேர்ந்து காபி குடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே அது பாதகமில்லை. அந்த ருசியை அப்படியே அரசியல் மேடையில் எதிர்பார்ப்பதுதான் சிக்கல். அங்கே தீர்ப்பு சொல்வது நடுவர் இல்லை, அதன் பலனை ஐந்து வருடம் அனுபவிக்கப் போகிற நாம்.

கேடயமாகும் புகார்

இதுவரை விமர்சிப்பவரின் தவறுகளைப் பேசினேன். மறுபக்கம் அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். தனிப்பட்ட தாக்குதல் என்ற புகாரே பதில் சொல்லாமல் தப்பிக்கும் வழியாகிவிட்டது.

மதுரை எய்ம்ஸ் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 27 அன்று தோப்பூரில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். 2021 சட்டமன்றத் தேர்தல் வந்தபோதும் கட்டடம் எழவில்லை. பிரசாரத்தில் உதயநிதி ஸ்டாலின் ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டி, இதுதான் எய்ம்ஸ் என்றார். 2022இல் முதல் மாணவர்கள் 50 பேரும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் படிக்கத் தொடங்கினார்கள். செங்கல்லைக் காட்டியது பிரதமரை அவமதிப்பது என்று ஒருவர் கோபப்படலாம். ஆனால் செங்கல் பேசியது தாமதத்தைப் பற்றி. அதற்குப் பதில் கடன் ஒப்பந்தம், நிலம், கால அட்டவணை இவற்றில் இருக்கிறது, கோபத்தில் இல்லை.

இதே அளவுகோலை மற்றப் பக்கத்துக்கும் வையுங்கள். 2024 நவம்பரில் மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஒன்றிய அரசு முடித்தது. 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்தப் பகுதியில் வந்தது. ஊர்கள் கொதித்தன. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. ஏலத்துக்கு முன்பே மாநில அரசு ஏன் உறுதியாக எதிர்க்கவில்லை என்று எதிர்க்கட்சி கேட்டது. முதல்வர் மீதுள்ள காழ்ப்பில் கேட்கிறார்கள் என்று திமுகவினர் சொல்லலாம். காழ்ப்பு இருக்கவும் இருக்கலாம். ஆனால் எந்தத் தேதியில் எந்தக் கடிதம் போனது என்பது காழ்ப்பால் மாறாது. கேட்டவரின் உள்நோக்கத்தை ஆராய்வதைவிடத் தேதியைச் சொல்லிவிடுவது நேர்வழி.

அந்தப் போராட்டத்தில் மேலூர் மக்கள் வைத்த கோரிக்கையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: ஏலத்தை ரத்து செய். அவ்வளவுதான். செய்ததா இல்லையா என்று யாரும் சரிபார்க்கக்கூடிய கோரிக்கை. 2025 ஜனவரியில் ஊர் ஊராகத் திரண்டு மதுரையை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. 'மோடி ஒழிக', 'ஸ்டாலின் ஒழிக' என்பதில் மட்டும் நின்றிருந்தால், அதற்கு யார் எந்த உத்தரவில் கையெழுத்துப் போட முடியும்?

எல்லையில் நிற்பவை

சில விஷயங்களில் உடனே முடிவு சொல்ல முடியாது. சொத்து ஒன்று. மற்றவர் சொத்து நமக்கு எதற்கு என்று தோன்றும். ஆனால் வேட்பாளர்கள் சொத்து, கடன், படிப்பு, குற்ற வழக்குகள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் கொடுத்தாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால் வந்த நடைமுறை. ஆகவே ஐந்து வருடத்தில் சொத்து ஏன் இத்தனை மடங்கானது என்று கேட்பது பொதுக் கேள்விதான்.

உடல்நலம் வேறு. நோயைக் கேலி செய்வது கொடுமை. ஆனால் வேலையைச் செய்ய முடிகிறதா, அவர் இல்லாதபோது கோப்புகளில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று கேட்கலாம்.

தமிழ்வழிக் கல்வியைப் பேசும் தலைவரின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறார்கள் என்ற வாதம் அடிக்கடி வருகிறது. சொல்லும் செயலும் வேறாக இருப்பதைக் காட்டுகிறது என்ற அளவில் அது தலைவரின் நேர்மையைப் பற்றிய கேள்வி, கேட்கலாம். ஆனால் தமிழ்வழிக் கல்வி நல்லதா கெட்டதா என்பதற்கு அது பதில் ஆகாது. பிள்ளையின் பெயரையும் படத்தையும் இழுப்பது எந்த வகையிலும் தகாது. அந்தப் பிள்ளை தேர்தலில் நிற்கவில்லை.

பெண் தலைவர்கள் விஷயத்தில் நாம் எல்லோருமே கொஞ்சம் வெட்கப்பட வேண்டும். ஆண் தலைவரைத் திட்டினால் பாதியாவது அவர் செய்ததைப் பற்றி இருக்கும். பெண் என்றால் முதல் வாக்கியமே உடை, திருமணம், யாருடைய தயவில் வந்தார் என்பதில் தொடங்குகிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. பல ஊர்களில் தலைவி பெயரில் கணவர் கையெழுத்துப் போடாத குறையாக எல்லாம் செய்கிறார். அதைக் கேட்பது தனிப்பட்ட தாக்குதலா? இல்லை, தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் அதிகாரத்தைப் பயன்படுத்துகிறார் என்பது பொது விஷயம். ஆனால் கேள்வி கணவரிடம் போக வேண்டும்: எந்த உரிமையில் கூட்டத்தில் உட்காருகிறீர்கள்? அதை விட்டுவிட்டு அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று பேசுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

பேச்சை எப்படித் திருப்புவது

கடைசியாக ஒரு கற்பனை உரையாடல். நம் ஊர் டீக்கடை ஒன்றில் மாமாவும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்கிறார்கள்.

"நம்ம கவுன்சிலரு எதுக்கும் லாயக்கில்ல மாமா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"அவரு மூஞ்சிக்கு என்ன மாப்ள? எங்க கட்சின்னாலே உனக்கு ஆகாது, அதச் சொல்லு."

"கட்சிய விடுங்க. பாதாளச் சாக்கடை மூடி உடைஞ்சு ரெண்டு மாசமாச்சு. பிள்ளைக பள்ளிக்கூடம் போற வழி. மனுக் குடுத்தோமே, வந்து பாத்தாரா?"

"அது மாநகராட்சி வேல. அவரு தனியா என்ன செய்வாரு?"

"சரி, மாமன்றக் கூட்டத்துல இதப் பத்தி ஒரு வார்த்த பேசுனாரா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியலையே மாப்ள. கேட்டுத்தான் சொல்லணும்."

முதல் வாக்கியத்தில் மாப்பிள்ளை முகத்தை இழுத்தார். மாமாவுக்குத் தப்பிக்கச் சுலபமாக ஒரு வாசல் கிடைத்தது. மாமா கட்சியை இழுத்தபோது மாப்பிள்ளை ரோஷப்படாமல் மூடிக்குத் திரும்பினார். மாமா பொறுப்பு வேறு இடத்தில் என்றார். அது நியாயமான பதில், கவுன்சிலரால் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. உடனே மாப்பிள்ளை கவுன்சிலரால் நிச்சயம் செய்யக்கூடிய ஒன்றைப் பிடித்தார். அங்கேதான் பேச்சு உருப்பட்டது. "தெரியலையே" என்று மாமா சொன்னது அந்த டீக்கடைக்குக் கிடைத்த பெரிய வெற்றி.

இனி தெரிந்துகொள்ள வழியும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாநகராட்சிக்கு மனுப் போட்டு, குறிப்பிட்ட கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வருகிற குறிப்பில் அந்தக் கவுன்சிலர் சாக்கடை மூடியைப் பற்றிப் பேசியிருந்தால், லாயக்கில்லை என்று சொன்னதை மாப்பிள்ளை திரும்பப் பெற வேண்டும். பேசியிருக்காவிட்டால், அடுத்த முறை அதே கவுன்சிலருக்கு மாமா ஓட்டுக் கேட்டு வரும்போது இதற்கு ஒரு பதிலோடு வர வேண்டும்.